இருநூற்று முப்பது பேரின் சாமியார்

1818 பிப்ரவரியில் ஆர்ஸ் கிராமத்துக்குப் புதிய சாமியார் ஒருவர் நடந்தே வந்து சேர்ந்தார். பிரான்சின் லியோன் நகருக்கு வடக்கே முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் உள்ள ஊர் அது. மூடுபனியில் வழி தவறி, மந்தை மேய்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுவனிடம் கேட்டுத்தான் ஊரைக் கண்டுபிடித்தார். ஊரில் அப்போது 230 பேர் இருந்தார்கள். மண்சுவர் வீடுகள் நாற்பது சொச்சம், மதுக்கடைகள் நான்கு, பிரெஞ்சுப் புரட்சியின்போது மணிக்கூண்டு இடிக்கப்பட்ட சிறு கோயில் ஒன்று. முழுப் பங்கு என்ற தகுதிகூட அந்த ஊருக்கு அப்போது இல்லை, துணைக்கோயிலாகத்தான் இருந்தது. யாரும் கேட்டு வாங்கிக்கொண்டு போகிற இடமல்ல. படிப்பில் மந்தம் என்று பெயரெடுத்திருந்த ஜான் மரிய வியான்னிக்கு அதைக் கொடுத்ததில் யாருக்கும் வியப்பிருக்கவில்லை.

இன்று ஆர்ஸில் ஆயிரத்துச் சொச்சம் பேர் வசிக்கிறார்கள். ஆண்டுதோறும் வந்துபோகும் திருப்பயணிகளோ லட்சக்கணக்கில். பழைய கோயிலை இடிக்காமல் அதன் பின்புறம் பேராலயம் ஒன்றை ஒட்டிக் கட்டியிருக்கிறார்கள். அதிலும் கூட்டம் கொள்ளாமல் நிலத்தடியில் இன்னொரு கோயில். வழி சொன்ன சிறுவனும் வழி கேட்ட குருவும் நிற்கும் சிலை ஊர் எல்லையில் இருக்கிறது. மறைமாவட்டத்தின் பெயரிலேயே ஆர்ஸ் சேர்ந்துவிட்டது. குருமடத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர் ஊழியம் செய்த அந்தக் கிராமத்தில் இன்று ஒரு குருமடமும் இயங்குகிறது.

ஊர் வளர்ந்த அளவுக்கு அந்த நாட்டில் குருத்துவம் வளரவில்லை. 1820களின் இறுதியில் பிரான்சில் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் குருப்பட்டம் பெற்றார்கள். 1950ஐ ஒட்டி அது ஏறத்தாழ ஆயிரம். 1970களின் இறுதியில் நூறைத் தொட்டது. அதன்பின் அங்கேயே சற்று ஏறியும் இறங்கியும் நிற்கிறது: 2023-ல் 88, 2024-ல் 105, 2025-ல் 90. 1960களில் நாற்பதாயிரம் அளவில் இருந்த குருக்களின் எண்ணிக்கை இன்று பன்னிரண்டாயிரம் அளவில் நிற்கிறது. அவர்களிலும் கணிசமானோர் முதியவர்கள்.

இந்தக் கணக்கைக் காட்டி, அன்று விசுவாசம் இருந்தது, இன்று இல்லை என்று முடித்துவிடுவது எளிது. வியான்னியின் வாழ்க்கையைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் அந்த முடிவு நிற்காது.

அவர் பிறந்தது 1786 மே 8 அன்று, லியோனை அடுத்த தார்தியி கிராமத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தில். மூன்று வயதில் புரட்சி வந்தது. 1793, 94-ல் லியோனில் பிடிபட்ட குருக்கள் பலருக்குத் தலை போயிற்று. தப்பியவர்கள் மாறுவேடத்தில் இரவில் வந்து, களஞ்சியங்களிலும் வீடுகளிலும் பூசை வைத்துவிட்டு விடியுமுன் போனார்கள். 1799-ல் வியான்னி முதல் நற்கருணை வாங்கியதும் அப்படியொரு வீட்டில்தான். உள்ளே எரியும் மெழுகுவர்த்தி வெளியே தெரியக் கூடாதென்று சன்னல்களை அடைத்து, அவற்றின் முன்னால் வைக்கோல் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். அந்தப் பையன் கண்ட குரு அதிகாரமுள்ளவர் அல்லர், ஒளிந்து வாழ்கிறவர். தானும் குருவாக வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு அத்தகையவர்களைப் பார்த்துத்தான் வந்தது. பிற்காலத்துக் குருமடங்கள் நிரம்பி வழிந்ததற்குப் பல காரணங்கள் இருந்தன: அரசுச் சம்பளம், ஊர் மரியாதை, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்குக் கிடைத்த படிப்பு. வியான்னிக்கு அந்த ஆசை வந்த காலத்தில் இவற்றில் ஒன்றும் இல்லை.

படிக்கத் தொடங்கியபோது அவருக்கு இருபது வயது. எக்குலி என்ற ஊரின் பங்குத்தந்தை பலே தம் வீட்டிலேயே ஒரு சிறு பள்ளி நடத்திவந்தார். அங்கே பன்னிரண்டு வயதுப் பையன்களோடு உட்கார்ந்து இந்த மெலிந்த உழவர் மகன் லத்தீன் இலக்கணம் உருப்போட்டார். ஏறவில்லை. பாடம் சொல்லிக்கொடுக்க வைத்த மத்தியாஸ் லோராஸ் என்ற சிறுவன் ஒருநாள் பொறுமை இழந்து அறைந்துவிட்டான். வாங்கியவர் அந்தச் சிறுவன் முன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். லோராஸ் பின்னாளில் அமெரிக்காவின் டுபியூக் மறைமாவட்டத்துக்கு முதல் ஆயரானார். லத்தீன் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வியான்னி நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள புனித பிரான்சிஸ் ரெஜிஸ் கல்லறைக்கு, வழியில் பிச்சையெடுத்து உண்டபடி, நடந்தே போய்வந்தார். அதற்குப் பிறகும் லத்தீன் பெரிதாக வந்துவிடவில்லை. படிப்பை விடாமலிருக்கும் பிடிவாதம் மட்டும் வந்தது.

நடுவில் நெப்போலியனின் படைக்கு ஆள் எடுத்தார்கள். 1809-ல் அவருக்கும் அழைப்பு வந்தது. நோயில் படுத்து, எழுந்து, கோயிலில் ஜெபித்துக்கொண்டிருந்த நேரத்தில் படைப்பிரிவு கிளம்பிப் போய்விட்டது. பின்தொடரப் போனவர் மலையோரத்து லெ நோயே கிராமத்தில், படையிலிருந்து ஓடியவர்கள் ஒளிந்திருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். ஓராண்டுக்கும் மேல் வேறு பெயரில் அங்கே வாழ்ந்தார். 1810-ல் பொது மன்னிப்பு வந்தபின்தான் வீடு திரும்ப முடிந்தது. 1813-ல் லியோன் பெரிய குருமடத்தில் சேர்ந்தார். பாடம் முழுவதும் லத்தீனில், கேள்வியும் லத்தீனில். சில மாதங்களில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பலே விடவில்லை. மீண்டும் தம் வீட்டில் வைத்துப் பாடம் சொன்னார். மறைமாவட்ட அதிகாரிகளைத் தம் வீட்டுக்கே வரவழைத்து, பழகிய இடத்தில் கேள்வி கேட்கச் செய்தார். பையன் பக்தியுள்ளவனா, ஜெபமாலை சொல்வானா என்று முதன்மைக் குரு விசாரித்ததாகவும், ஆம் என்ற பதிலைக் கேட்டு மீதியைக் கடவுளின் அருள் பார்த்துக்கொள்ளும் என்று அனுமதி கொடுத்ததாகவும் சொல்வார்கள். 1815 ஆகஸ்ட் 13 அன்று கிரெனோபிளில் பட்டம். லியோனிலிருந்து அங்கே, அயல்நாட்டுப் படைகள் நடமாடிய சாலையில், தனியாக நடந்து போனார். அன்று அவரோடு பட்டம் பெற வேறு எவரும் இல்லை. வயது இருபத்தொன்பது.

இன்று குருமடத்தில் சேர்வோருக்குப் பாடம் அவரவர் மொழியில். பிரான்சில் பலர் கல்லூரிப் பட்டம் பெற்று, சில ஆண்டுகள் வேலையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். 2016-ல் வத்திக்கான் வெளியிட்ட பயிற்சி நெறிமுறை தொடக்கத்தில் ஓர் ஆயத்தக் காலத்தைக் கட்டாயமாக்கியது. அதன்பின் மெய்யியல், இறையியல், பங்கு அனுபவம் என எல்லாம் சேர்ந்து ஏழெட்டு ஆண்டுகள் ஆகின்றன. உளவியல் நிபுணரின் மதிப்பீடும் உண்டு. வியான்னியைத் திருப்பி அனுப்பியவர்கள் சோதித்தது நினைவாற்றலை. இன்றைய நெறிமுறை சோதிக்க முயல்வது ஆளை. இது முன்னேற்றம்தான், சந்தேகமில்லை. இன்று ஒரு வியான்னி வந்தால் லத்தீனுக்காகத் தோற்க மாட்டார். ஆனால் ஒரு மாணவனைத் தம் சோற்றில் பங்கு கொடுத்து வளர்த்து, அவனுக்காக அதிகாரிகளிடம் திரும்பத் திரும்பப் போய் நின்ற பலே போன்ற ஒரு கிராமத்துச் சாமியாருக்கு இன்றைய ஏற்பாட்டில் இடம் எங்கே என்று தெரியவில்லை. குழு பரிந்துரைக்கிறது, அறிக்கை கோப்பில் சேர்கிறது. பயிற்சி சீராகிவிட்டது, பயிற்றுநர் யாரும் தம் பேரைப் பணயம் வைப்பதில்லை.

ஆர்ஸுக்கு வந்த வியான்னியைப் பற்றி நாம் கேட்டு வளர்ந்த கதைகளில் அவர் முதல் நாளிலிருந்தே புனிதர். உள்ளபடி முதல் பத்து ஆண்டுகள் ஊருக்கும் அவருக்கும் இழுபறியாகத்தான் இருந்தன. கோயில் காலியாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் வயலுக்கோ மதுக்கடைக்கோ போனார்கள். புரட்சிக் காலத்தில் ஒரு தலைமுறை ஞானோபதேசமே படிக்காமல் வளர்ந்துவிட்டிருந்தது. புதுச் சாமியார் பிரசங்கத்தை இரவு முழுவதும் எழுதி, மனப்பாடம் செய்து, மேடையேறியதும் பாதியில் மறந்து நின்றார். கடுமையும் அதிகம். நடனத்தை ஒழிக்காமல் விடுவதில்லை என்று நின்றார். ஆடப் போனவர்களுக்குப் பாவமன்னிப்பு தர மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மறுத்தார். ஊரில் சிலர் அவரைப் பற்றி அவதூறு பரப்பினார்கள், வீட்டுக் கதவில் அசிங்கம் பூசினார்கள். குற்றம் முழுவதும் ஊரார் மீதுதான் என்று எனக்குத் தோன்றவில்லை. பலேயிடம் அவர் கற்றது அந்தக் காலத்துக் கண்டிப்பான ஒழுக்கவியல். நாள் போகப்போக, பாவிகளின் கதையை நாள்தோறும் கேட்கக் கேட்க, புனித அல்போன்ஸ் லிகோரியின் மிதமான போதனையும் பிரான்சுக்குள் பரவிவர, அவர் மென்மையானார். கொடுக்கும் தண்டனை ஜெபம் குறைந்தது; மீதியைத் தாமே அவர்களுக்காகச் செய்தார். ஐம்பது வயதுக்குமேல் தம் கண்டிப்பைத் தாமே தளர்த்திக்கொண்ட குரு என்பதால்தான் எனக்கு அவர் மீது மதிப்பு. உருளைக்கிழங்கை ஒரே தடவை அவித்து வைத்துக்கொண்டு நாட்கணக்கில் தின்றார் என்ற கதையைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்கியது 1820களின் பிற்பகுதியில். கடைசிக் காலத்தில் ஆண்டுக்கு அறுபதாயிரம், எண்பதாயிரம் என்று கணக்குச் சொல்கிறார்கள். லியோன் ரயில் நிலையத்தில் ஆர்ஸுக்கு மட்டும் எட்டு நாள் செல்லுபடியாகும் போக வர டிக்கெட் விற்றார்களாம். தங்கள் முறை வருவதற்குள் அத்தனை நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு அவர் கோயிலைத் திறப்பார். கோடையில் நாளுக்குப் பதினாறு மணி நேரம்வரை அந்தச் சிறு மரக்கூண்டுக்குள் இருந்தார். பகல் பதினொரு மணிக்கு ஞானோபதேசம். குளிர்காலத்தில் கால் மரத்துப்போகும், கோடையில் மூச்சு முட்டும். இப்படி முப்பது ஆண்டுகள்.

இன்று ஆர்ஸிலும் லூர்து போன்ற திருத்தலங்களிலும் ஒப்புரவுக்கு வரிசை நிற்கிறது. சாதாரணப் பிரெஞ்சுப் பங்கில் வரிசை இல்லை. சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் குரு காத்திருக்கிறார். ஒருவர் வரலாம், வராமலும் போகலாம். அன்றைய குருவின் உடலை வருத்தியது வந்தவர்களின் எண்ணிக்கை. இன்றைய குருவை வருத்துவது வராதவர்களின் எண்ணிக்கை. இரண்டில் எது கடினம் என்று கேட்டால், பின்னதுதான் என்பேன். பதினாறு மணி நேரம் தேவைப்படுகிறவன் களைப்பான். தேவைப்படாதவனுக்குத் தன் அழைத்தலின் மீதே ஐயம் வரும். வியான்னிக்கும் அந்த அனுபவம் இருந்தது என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். 1818-ன் காலிக் கோயிலில் ஒவ்வொரு விடியற்காலையிலும் தனியாக மண்டியிட்டிருந்தவருக்கு, பத்து ஆண்டுகள் கழித்து வரிசை வரும் என்று யாரும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை.

தாழ்ச்சி என்ற விஷயத்துக்கு வருவோம். அன்றைய பிரான்சில் குருவுக்கு அந்தஸ்து இருந்தது. நெப்போலியன் 1801-ல் திருத்தந்தையோடு செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பின் பங்குக் குருக்களுக்குப் பொதுப்பணத்திலிருந்து சம்பளம் வந்தது. ஊரில் மேயர், ஆசிரியர், குரு என்ற வரிசையில் குருவுக்கு நிச்சயமான ஓரிடம். அப்படிப்பட்ட காலத்தில் தாழ்ச்சி என்பது, கிடைத்த மேலிடத்தை வேண்டாமென்று ஒதுக்குவது. 1852-ல் ஆயர் அவருக்குக் கௌரவ கேனன் பட்டம் கொடுத்து, அதற்குரிய மேலாடையைத் தோளில் போட்டார். வியான்னி அதை ஐம்பது பிராங்குக்கு விற்று, ஏழைகளுக்கான செலவில் சேர்த்துக்கொண்டார். இப்படி இன்னொன்று இருந்தால் அதையும் கொடுங்கள் என்று ஆயருக்கு எழுதியதாகச் சொல்வார்கள். 1855-ல் அரசு உயரிய விருதான லீஜியன் ஆஃப் ஹானரை அறிவித்தது. பதக்கத்துக்குப் பன்னிரண்டு பிராங்கு கட்ட வேண்டும் என்றதும், அந்தக் காசு ஏழைகளுக்கு ஆகும் என்று மறுத்துவிட்டார். பதக்கம் எப்படியோ வந்தது, அவர் அணியவில்லை.

இவையெல்லாம் மேலிருந்து வந்த பெருமைகள். சக குருக்களிடமிருந்து வந்தது வேறு. ஆர்ஸுக்குக் கூட்டம் போவதைக் கண்ட அக்கம்பக்கத்துச் சாமியார்கள், இறையியல் தெரியாத ஒருவர் ஆன்மாக்களை வழிநடத்துவதா என்று ஆயருக்குப் புகார் எழுதி, கையெழுத்துக்காகச் சுற்றுக்கு விட்டார்கள். அது தவறுதலாக வியான்னியின் கைக்கே வந்தது. படித்துப் பார்த்து, தாமும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவைத்தார். 1845-ல் உதவிக்கு வந்த ரேமோன் என்ற குரு தாமே பங்குத்தந்தை என்பதுபோல் எட்டு ஆண்டுகள் அதிகாரம் செய்தார். பலர் முன்னிலையிலும் மூத்தவரைக் கடிந்துகொண்டார். அவரை மாற்றும்படி வியான்னி கேட்கவில்லை. 1824-ல் அநாதைச் சிறுமிகளுக்காகத் தாம் தொடங்கிய இல்லப் பள்ளியை, இருபது ஆண்டுகளுக்கு மேல் செல்லப்பிள்ளையாய் வளர்த்ததை, 1840களின் பிற்பகுதியில் ஆயரின் விருப்பப்படி கன்னியர் சபையிடம் ஒப்படைக்க வேண்டிவந்தது. அதில் கடவுளின் சித்தம் தமக்குத் தெரியவில்லை, ஆயருக்குத் தெரிகிறது என்ற பொருளில் சொல்லிவிட்டு விலகினார்.

1905-ல் பிரான்ஸ் அரசையும் மதத்தையும் சட்டம் போட்டுப் பிரித்தது. அல்சாஸ், மொசெல் போன்ற சில பகுதிகளைத் தவிர எங்கும் குருவுக்கு அரசுச் சம்பளம் இல்லை, இறைமக்களின் காணிக்கைதான். அதற்குமுன் கட்டப்பட்ட பங்குக் கோயில்கள் உள்ளாட்சிகளின் சொத்து. கூரை ஒழுகினால் பங்குத்தந்தை மேயரிடம் போய் நிற்க வேண்டும். அங்கியோடு தெருவில் போனால் வணக்கம் சொன்ன காலம் போய், அங்கி பலருக்கு வேடிக்கையாகிவிட்டது. பின்பு 2021 அக்டோபரில், ஆயர் பேரவையே அமைத்த சுதந்திர ஆணையம் தன் அறிக்கையை வெளியிட்டது. 1950 முதல் எழுபது ஆண்டுகளில் குருக்களாலும் துறவியராலும் பாலியல் கொடுமைக்கு ஆளான சிறார்கள் 2,16,000 அளவில் இருக்கலாம் என்று அது மதிப்பிட்டது. அடுத்த மாதம் லூர்தில் ஆயர்கள் மண்டியிட்டார்கள். வியான்னி நாளெல்லாம் அமர்ந்திருந்த அந்த மூடிய கூண்டின் மீதும், அதனுள் இருக்கும் மனிதன் மீதும் மக்கள் வைத்திருந்த நம்பிக்கை அதோடு வேறாகிவிட்டது.

ஆக, இன்றைய பிரெஞ்சுக் குரு தாழ்ச்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. அது அவர் மேல் வந்து விழுந்திருக்கிறது. தாம் செய்யாத குற்றத்துக்காகச் சந்தேகிக்கப்படுகிறார். பிள்ளைகளோடு தனியாக இருப்பதில்லை என்று கதவைத் திறந்துவைக்கிறார். பாதிக்கப்பட்டவர் முன் பேசாமல் கேட்கப் பழகுகிறார். குருவை மேடையில் வைத்ததும் அந்தக் கொடுமைகள் மறைந்திருக்க ஒரு காரணம் என்று எண்ணும்போது, மேடை போனதை இழப்புக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. நல்ல குருவுக்கு அது வலிக்கும் என்பதும் உண்மை.

நிலைத்திருத்தல் இன்னும் சிக்கலானது. வியான்னி ஆர்ஸில் 1859 ஆகஸ்ட் 4 அன்று இறக்கும்வரை நாற்பத்தோரு ஆண்டுகள் இருந்தார். 1925-ல் திருத்தந்தை 11-ம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். 1929-ல் உலகத்துப் பங்குத்தந்தையர் அனைவருக்கும் பாதுகாவலராக அறிவித்தார். அந்தப் பாதுகாவலர் தம் பங்கை விட்டு ஒருமுறைக்கு மேல் ஓடப் பார்த்தவர்! 1843-ல் கடும் நோயிலிருந்து தேறியபின் இரவோடு இரவாகப் பிறந்த ஊருக்குப் போய்விட்டார். திருப்பயணிகள் அங்கேயும் தேடி வந்துவிட்டார்கள். 1853-ல் மறுபடி கிளம்பினார். செய்தி கசிந்து, கோயில் மணியை அபாய மணியாக அடித்து, ஊரார் இருட்டில் விளக்குகளோடு வந்து மறித்தார்கள். கொஞ்சம் வாதாடிவிட்டு, திரும்பிப் போய்ப் பாவசங்கீர்த்தனக் கூண்டில் உட்கார்ந்தார். எங்காவது ஒரு துறவு மடத்தில் தனியாக இருந்து தம் பாவ வாழ்வுக்காக அழ வேண்டும் என்பதே அவர் ஆசை. பங்கை நடத்தத் தமக்குத் தகுதியில்லை என்ற எண்ணம் கடைசிவரை போகவில்லை. அவர் அசையாமல் நின்றவர் அல்லர். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தவர்.

இன்று ஒரே ஊரில் நாற்பத்தோரு ஆண்டுகள் என்பது நடக்காது. சில ஆண்டுகளுக்கு ஒரு மாற்றம். எழுபத்தைந்து வயதில் பங்குத்தந்தை பதவி விலகல் கடிதம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறது திருச்சபைச் சட்டம். ஊர்ப்புறங்களில் பங்குகளை இணைத்து, இருபது, முப்பது கோயில்களை ஒருவரிடம் கொடுத்திருக்கிறார்கள். ஞாயிறுதோறும் வெவ்வேறு கோயில். ஒரு கிராமத்துக்குத் திருப்பலி மாதம் ஒருமுறையோ, ஆண்டுக்குச் சிலமுறையோ. வியான்னிக்கு 230 பேரின் பெயரும் தெரியும், அவரவர் வீட்டுச் சண்டையும் தெரியும். காரில் ஊர் ஊராகப் போகும் இன்றையவருக்கு அடக்கத் திருப்பலியில்தான் பல குடும்பங்களின் அறிமுகமே கிடைக்கிறது. 2020-ல் ஆயர் பேரவை குருக்களின் உடல் நலத்தையும் மன நலத்தையும் பற்றி ஆய்வு நடத்தியது. தனிமையும் வேலைப்பளுவும் அதில் வெளிப்பட்டன. அப்படி ஓர் ஆய்வு நடந்ததே நல்ல மாற்றம். சோர்வு என்று வெளியே சொல்ல அன்று வழியில்லை. வியான்னிக்குத் தெரிந்த வழி இரவில் மூட்டை கட்டுவதுதான்.

இழந்தவற்றோடு பெற்றதையும் சொல்ல வேண்டும். கணக்கு, மறைக்கல்வி, அடக்கச் சடங்கு ஜெபம் வரை பலவற்றைப் பொதுநிலையினர், பெரும்பாலும் பெண்கள், ஏற்று நடத்துகிறார்கள். 2025 பாஸ்காவில் பிரான்சில் 10,384 வயதுவந்தோர் திருமுழுக்குப் பெற்றார்கள். முந்தைய ஆண்டைவிட 45 சதவீதம் கூடுதல். பிறந்தபோதே பெயர் எழுதப்பட்டவர்கள் அல்லர் இவர்கள். தாமே தேடி வந்தவர்கள். வருகிறவர்களை ஆயத்தப்படுத்தக் குருக்கள் போதவில்லை என்ற பேச்சு, நீண்ட காலத்துக்குப் பின், அங்கே கேட்கிறது.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. வியான்னிக்கு அறிமுகமான லியோன் பெண் பவுலின் ஜாரிக்கோ, 1822-ல் உருவான விசுவாசப் பரப்புதல் சங்கத்துக்கு வித்திட்டவர். பட்டாலைப் பெண்களிடமும் வேலைக்காரிகளிடமும் வாரம் ஒரு சிறு காசு வாங்கிச் சேர்த்த அந்த நிதி உலகெங்கும் மறைப்பணிக்குப் போயிற்று. புதுச்சேரியில் பாரிஸ் அந்நிய மறைபரப்புச் சபையினர் இருந்தார்கள். 1830களின் இறுதியில் பிரெஞ்சு இயேசு சபையினர் மதுரை மறைப்பணியை மீண்டும் தொடங்க வந்தார்கள். அவர்களில் பலர் காய்ச்சலிலும் காலராவிலும் இளம் வயதில் மாண்டார்கள். 1844-ல் நாகப்பட்டினத்தில் அவர்கள் தொடங்கிய கல்லூரிதான் பின்பு திருச்சிக்கு வந்த தூய வளனார் கல்லூரி. வியான்னி ஆர்ஸில் கூண்டுக்குள் இருந்த அதே ஆண்டுகளில், அவர் நாட்டு இளைஞர்கள் தமிழ் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்று பாதை திரும்பியிருக்கிறது. பிரெஞ்சுப் பங்குகளில் ஆப்பிரிக்கக் குருக்களோடு இந்தியக் குருக்களும் இருக்கிறார்கள், தமிழர்களும் உண்டு. பத்துப் பன்னிரண்டு ஆண்டு குருமடப் படிப்பு முடித்தவர்கள், நிறைந்த கோயில்களில் பூசை வைத்துப் பழகியவர்கள், நடுவயதில் புது மொழியின் வினைச்சொற்களோடு மல்லுக்கட்டி, உச்சரிப்புக்காகப் பிள்ளைகள் சிரிப்பதைப் பொறுத்துக்கொண்டு, முப்பது முதியவர்கள் உட்கார்ந்திருக்கும் குளிர்ந்த கோயிலில் பிரசங்கத்தைத் தாளைப் பார்த்து வாசிக்கிறார்கள்.

நம்மூரில் வியான்னியின் திருநாளான ஆகஸ்ட் 4 வந்தால் பங்குத்தந்தைக்கு மாலை, பொன்னாடை, கேக். அது தவறில்லை; அன்பாகச் செய்வதுதான். அந்த மாதத்தில் பிரான்சிலிருந்து விடுமுறையில் வந்த குரு ஒருவரும் உங்கள் ஊரில் இருக்கக்கூடும். அவரிடம் மாதம் எத்தனை யூரோ கிடைக்கும் என்று கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்து கேளுங்கள்.